லூப் போட்டால் காப்பியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் இணைப்பிதழில் வீட்டிலிருந்தே இசையமைப்பவர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாவது தடவை பாதிக் கோபம்தான் மிஞ்சியது, ஏனென்றால் கட்டுரையாளர் சொல்வதில் பாதி சரி. யாரோ வாசித்து வைத்த டிரம் லூப்பை, அதாவது திரும்பத் திரும்ப ஓடவிடுகிற தாளத் துண்டை, இழுத்துப் போட்டுவிட்டு "இசை: நான்" என்று பெயர் போட்டுக்கொள்வது பரீட்சையில் பக்கத்து ஆளைப் பார்த்து எழுதுவதற்குச் சமம் என்று முடித்திருந்தார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நீளம் அதிகம்தான், வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் லைசென்ஸ் பற்றிச் சொல்கிற பகுதியை மட்டும் விட்டுவையுங்கள்.

எனக்குப் பகலில் வேறு வேலை. ராத்திரி எல்லோரும் தூங்கியபின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காருவேன், பதினோரு வருடமாக இதுதான் பழக்கம். டிரம்ஸ் வாசிக்கத் தெரியாது. ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தேன், கை சொன்னபடி கேட்டது, வலது கால் கேட்கவே இல்லை. தெரிந்திருந்தாலும் வீட்டில் டிரம் செட்டைப் பதிவு செய்வது லேசான காரியமா? குறைந்தது நாலு மைக், எதிரொலி அடக்கிய அறை, பக்கத்து வீட்டுக்காரரின் பொறுமை, இது மூன்றும் ஒரே ராத்திரியில் அமைய வேண்டும். ஆக, லூப் இல்லாவிட்டால் என் பாட்டுகளில் முக்கால்வாசி பிறந்தே இருக்காது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு டிரம்மர் காதில் மெட்ரோனோம் (சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் கருவி) ஒலிக்க, ஒரே வேகத்தில் இரண்டு பாரோ நாலு பாரோ வாசிக்கிறார். பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று. அதை முதல் அடி விழுகிற இடத்தில் துல்லியமாக வெட்டி, முடிகிற இடமும் ஆரம்பிக்கிற இடமும் ஒட்டும்போது தையல் தெரியாதபடி செய்து, வேகத்தைக் கோப்பின் பெயரிலேயே எழுதிச் சேமிக்கிறார்கள். இப்படிச் சில நூறு துண்டுகள் சேர்ந்தால் அது ஒரு சாம்பிள் பேக். வெட்டு எவ்வளவு துல்லியம் என்றால், 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை) நாலு எண்ணிக்கை கொண்ட ஒரு பார் மிகச் சரியாக 2 விநாடி. கணினி ஒலியை விநாடிக்கு வழக்கமாக 44,100 பொடித் துண்டுகளாகப் பதிகிறது, அந்தப் பொடிக்கும் சாம்பிள் என்றுதான் பெயர், அந்தக் கணக்கில் 88,200 சாம்பிள். அதில் நூறு சாம்பிள் கூடிப்போனால் முதல் சுற்றில் யாருக்கும் தெரியாது. அதையே முப்பது தடவை பின்னோடு பின்னாக ஓடவிட்டால் தாளம் கிட்டத்தட்ட 0.07 விநாடி பின்தங்கி, பேஸ் கிட்டாரும் கிக்கும் (காலால் அடிக்கிற பெரிய டிரம்) ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். இலவசமாகக் கிடைக்கும் பேக்குகளில் இந்தக் கோளாறு நிறைய, அதனால் புதிதாக எதை இறக்கினாலும் முதலில் நீளத்தைப் பார்ப்பது நல்லது.

சரி, "இழுத்துப் போட்டால் முடிந்தது" என்ற இடத்துக்கு வருகிறேன். போன வருடம் செய்த ஒரு பாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மெட்டு 84 பிபிஎம்மில் நின்றது. எனக்குப் பிடித்த லூப்போ 92இல் வாசித்தது. 92இல் நாலு பார் என்றால் 10.4 விநாடி, 84இல் 11.4. முழுதாக ஒரு விநாடி இடிக்கிறது. அந்த ஒரு விநாடியை மென்பொருள் எங்கிருந்து கொண்டுவரும்? இருக்கிற ஒலியையே பொடிப்பொடியாக நறுக்கி, சில துண்டுகளைத் திரும்ப ஒலிக்கவிட்டு இடைவெளியை நிரப்புகிறது. நீட்டிப் பாடுகிற குரலில் இந்த ஒட்டு அவ்வளவாகத் தெரிவதில்லை. டிரம்ஸில் அப்பட்டமாகத் தெரியும். "டப்" என்று விழ வேண்டிய ஸ்நேர் (குச்சியால் அடிக்கிற சின்ன டிரம்) "டர்ரப்" என்று விழுந்தது, ஹைஹாட் என்ற ஜோடித் தட்டு தண்ணீருக்குள்ளிருந்து கேட்டது.

இதற்கு வழி இருக்கிறது, பழைய வழிதான். 1994இல் வந்த ரீசைக்கிள் என்ற மென்பொருள் லூப்பை ஒவ்வோர் அடியிலும் தனித்தனியாக வெட்டித் தந்தது. அடியை நீட்டுவதில்லை, அடிகளுக்கு நடுவில் உள்ள தூரத்தைத்தான் மாற்றுகிறோம். 1998இல் ஆசிட் என்ற மென்பொருள் வந்து, இழுத்துப் போட்ட லூப்பைப் பாட்டின் வேகத்துக்குத் தானாகவே மாற்றிக் காட்டியபோதுதான் வீட்டு இசைக்காரர்களுக்கு உண்மையில் கதவு திறந்தது. இன்றைக்குப் பெரும்பாலான இசை மென்பொருள்களில் இந்த இரண்டு வித்தையும் உள்ளேயே இருக்கின்றன, ஆனால் எதை எப்போது என்று அவை நமக்குச் சொல்லாது. நான் அந்த லூப்பை வெட்டினேன், 46 துண்டு வந்தது. வேகம் குறைந்ததும் துண்டுகளுக்கு நடுவில் குட்டிக் குட்டி மௌனங்கள் விழுந்தன. ஸ்நேருக்குப் பின் அறையின் அதிர்வு தேய்ந்து போகாமல் சட்டென்று அறுந்தது. ஒவ்வொரு துண்டின் வாலையும் கொஞ்சம் இழுத்து, மேலே சின்ன அறையின் ரிவெர்ப் (எதிரொலி) தூவி மறைக்க ஒரு ராத்திரி போனது.

அடுத்து நான் செய்த முட்டாள்தனம். எல்லா அடியையும் திரையில் தெரிகிற தாளக் கட்டத்தின் கோட்டில் துல்லியமாக உட்கார வைத்தேன், அதாவது குவாண்டைஸ். கண்ணுக்கு அழகாக இருந்தது. கேட்டால் தட்டச்சு இயந்திரம். திரும்பப் பழைய கோப்பைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த மனிதர் ஒவ்வொரு ஸ்நேரையும் 12லிருந்து 18 மில்லிசெகண்ட் தாமதமாக அடித்திருந்தார். ஒன்றிரண்டு அடி என்றால் கை பிசகியது என்று விட்டுவிடலாம், அவரோ நாலு பாரிலும் விடாமல் அப்படியே செய்திருக்கிறார். சாவகாசமாக நடந்து வருகிற ஆளின் நடை. கிக் மட்டும் நேரத்துக்கு வருகிறது, ஸ்நேர் "இருப்பா, வரேன்" என்கிறது. இந்த இழுப்புதான் எனக்கு அந்த லூப்பைப் பிடிக்கக் காரணமே, அதைத்தான் நான் சரி செய்கிறேன் பேர்வழி என்று கொன்றிருக்கிறேன். குவாண்டைஸை எடுத்துவிட்டு, என் பேஸ் கிட்டாரை மறுபடி வாசித்தேன், இந்தத் தடவை அவருக்குப் பின்னால் போய். அதற்கப்புறம்தான் பாட்டு உட்கார்ந்தது.

இதில் எங்கே காப்பி இருக்கிறது? முகம் தெரியாத ஒருவரோடு சேர்ந்து வாசிக்கக் கற்றுக்கொண்டேன் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கிக் விஷயமும் உண்டு. லூப்பிலேயே இருக்கும் கிக்கின் அடிப்பகுதி பேஸ் கிட்டாரின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் லூப்பில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலியைக் குறைத்துவிட்டு, அதே இடங்களில் தனியாக ஒரு ஒன்-ஷாட் கிக்கை, அதாவது ஒரே ஓர் அடி மட்டும் உள்ள கோப்பை, அடியில் வைத்தேன். வைத்ததும் சத்தம் கூடும் என்று பார்த்தால் குறைந்தது! ஒன்றின் அலை மேலே போகும்போது மற்றது கீழே போய் இரண்டும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன. அலையைத் தலைகீழாகப் புரட்டும் ஒரே ஒரு பொத்தான், தீர்ந்தது. இதைக் கண்டுபிடிக்க மட்டும் எனக்கு இரண்டு நாள்.

கட்டுரையாளரோடு நான் ஒத்துப்போகிற இடம் ஒன்று உண்டு. பேக்கைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று நானூறு லூப்பையும் அமுக்கி அமுக்கிக் கேட்டு, காது மரத்துப்போய், கடைசியில் கைக்கு வந்ததைப் போடுகிற பழக்கம் இருக்கிறதே, அது நிஜமாகவே சோம்பேறித்தனம். நானும் வருடக்கணக்கில் அப்படித்தான் இருந்தேன். இப்போது மெட்டைப் பாடிக்கொண்டே மேசையில் விரலால் தட்டி அதை ஃபோனில் பதிந்துகொள்கிறேன், பிறகுதான் பேக்கைத் திறக்கிறேன். என்ன தேடுகிறோம் என்று தெரிந்தால் பத்து நிமிட வேலை. இன்னொன்று, பேக்குகளில் பெரும்பாலும் நாலு எண்ணிக்கைதான் கிடைக்கிறது, அதனால் லூப்பை நம்பியே மெட்டு போடுகிறவர்கள் தெரியாமலே நாலுக்குள் அடைந்துவிடுகிறார்கள். ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ரத்தில் ஒரு மெட்டு இருந்தால் அதை நாலுக்கு மடக்காதீர்கள் ஐயா. ஒரு பாரில் உள்ள எட்டு அரை எண்ணிக்கையில் ஒன்றை வெட்டி எறிந்தால் ஏழு. எதை வெட்டுவது என்பதுதான் விஷயம். நான் பார்த்தவரை ஸ்நேரைத் தொடாமல் கடைசி ஹைஹாட்டை வெட்டினால் நடை தடுமாறுவதில்லை, முதல் பாதியில் கை வைத்தால் நொண்டுகிறது.

அப்படியே இழுத்துப் போடுவது எப்போதும் குற்றமா என்றால் அதற்கும் தலையாட்ட முடியவில்லை. 2004இல் ஆப்பிள் நிறுவனம் கராஜ்பேண்ட் என்ற மென்பொருளை வெளியிட்டது, நிறைய லூப்களோடு. அந்த மென்பொருளின் லூப்களில் "விண்டேஜ் ஃபங்க் கிட் 03" என்று ஒன்று, வைத்திருந்த எல்லோர் கணினியிலும் தூங்கிக்கொண்டிருந்தது. 2007இல் ரிஹானா பாடி உலகமெல்லாம் ஒலித்த "அம்ப்ரெல்லா" பாட்டின் டிரம்ஸ் அந்த லூப்தான். எத்தனை பேர் அதைக் கேட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவியிருப்பார்கள்! ஒருவர் நின்று கேட்டார். அந்த நின்று கேட்டதற்கு என்ன பெயர் வைப்பது என்று கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

இனி லைசென்ஸ். "ராயல்டி ஃப்ரீ" என்று எழுதியிருந்தால் இலவசம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு தடவை முறைப்படி வாங்கிவிட்டால் பாட்டு எத்தனை தடவை ஒலித்தாலும் அந்த லூப்புக்காகத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை என்பதுதான் அதன் அர்த்தம். லூப் நம் சொத்தாகிவிடுவதில்லை, பயன்படுத்த அனுமதி மட்டும்தான், அதே அனுமதி இன்னும் ஆயிரம் பேரிடமும் இருக்கும். வழக்கமாக உள்ள தடைகள் இரண்டு. லூப்பைத் தனியாக எடுத்து இன்னொரு பேக்காக விற்கக் கூடாது, லூப் மட்டும் ஒலிக்கிற ஒன்றை என் படைப்பு என்று பதிவு செய்யக் கூடாது. சில பேக்குகளில் விளம்பரத்துக்கும் படத்துக்கும் வேறு நிபந்தனை இருக்கும், படித்துப் பார்க்க வேண்டும். பழைய இசைத்தட்டிலிருந்து வெட்டி எடுப்பது முற்றிலும் வேறு கதை. அங்கே ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை, பாட்டுக்கு ஓர் உரிமை, இரண்டு பேரிடமும் கேட்டாக வேண்டும். கட்டுரை பேக்கையும் இசைத்தட்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முறையாக வாங்கிய பேக், பாட்டை யூடியூபில் ஏற்றினேன், மூன்றாவது நாள் உரிமைக் கோரிக்கை வந்து நிற்கிறது. என் பாட்டில் வேறொருவருடைய இசை இருக்கிறதாம். எந்த இடம் என்று பார்த்தால் ஆரம்பத்தில் டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலிக்கிற 11 விநாடி. அதே லூப்பைத் தன் பாட்டில் போட்ட யாரோ ஒருவர், பாட்டை இணையத்தில் ஏற்றித் தருகிற ஒரு சேவை வழியாக அதைக் கன்டென்ட் ஐடியில், அதாவது ஏறுகிற வீடியோக்களில் பதிந்த இசை இருக்கிறதா என்று தானாகத் தேடுகிற யூடியூபின் ஏற்பாட்டில், பதிந்திருக்கிறார். யூடியூபின் சொந்த விதிப்படியே எல்லோருக்கும் பொதுவாக உரிமம் தரப்பட்ட லூப்களை அங்கே தனி உரிமையாகப் பதியக் கூடாது. விதி இருக்கிறது, பதிகிற இடத்தில் "லூப் இருக்கிறதா?" என்ற கேள்விக்கு இல்லை என்று ஒரு டிக் அடித்துவிட்டுப் போகிறவரை யார் பிடிப்பது? நான் ரசீதும் லைசென்ஸ் கோப்பும் காட்டி மறுப்பு எழுதினேன். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம், 26ஆவது நாள் கோரிக்கையை எடுத்துக்கொண்டார்கள். ஒரு "மன்னிக்கவும்" கூட வரவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு பேக்கின் ரசீதையும் பாட்டின் கோப்புறையிலேயே போட்டு வைக்கிறேன், லூப்பை எந்த இடத்திலும் மொட்டையாக விடுவதில்லை, மேலே ஒரு ஷேக்கரோ என் கைத்தட்டலோ கட்டாயம் இருக்கும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத இலவச பேக் பக்கமே போவதில்லை, ஏனென்றால் யாருடைய இசைத்தட்டிலிருந்து உருவியது என்று அதில் எழுதியிருக்காது.

திருட்டு என்ற சொல்லைக் கட்டுரை நாலு இடத்தில் பயன்படுத்தியிருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பொருத்தமான கதை ஒன்று உண்டு, அது கட்டுரையில் இல்லை. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு "ஆமென், பிரதர்" என்று ஓர் இசையைப் பதிவு செய்தது, இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்துக்கு. நடுவில் மற்றவர்கள் எல்லாம் நிறுத்த, கிரெகரி கோல்மன் என்ற டிரம்மர் தனியாக நாலு பார் வாசித்தார். ஆறேழு விநாடிதான். அந்த நாலு பாரை 1980களின் கடைசியிலிருந்து வெட்டி, வேகம் கூட்டி, அடிகளை இடம் மாற்றி எடுத்தாண்ட பாட்டுகளின் எண்ணிக்கை ஆயிரங்களில். ஜங்கிள் என்ற இசை வகையே அதன் மேல் கட்டியதுதான். கோல்மனுக்கு அதிலிருந்து ஒரு காசு வரவில்லை, 2006இல் இறந்துபோனார், தங்க வீடில்லாத நிலையில். 2015இல் ரசிகர்கள் இணையத்தில் திரட்டிய 24,000 பவுண்டு குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சர் கைக்குப் போனது. வாசித்தவர் அதற்கு ஒன்பது வருடம் முன்பே போய்விட்டார்.

சாம்பிள் பேக் முறை இந்த அநியாயத்தை ஓரளவு சரி செய்திருக்கிறது என்பதே என் கட்சி. டிரம்மர் தெரிந்தே வாசிக்கிறார், கூலி வாங்கிக்கொள்கிறார், நான் தெரிந்தே வாங்குகிறேன், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் ஒரு குறை இன்னும் அப்படியே இருக்கிறது. கோல்மனின் பெயராவது இன்று நமக்குத் தெரிகிறது. பேக்கில் வாசிக்கிறவரின் பெயர் பல நேரம் எங்கேயும் இருப்பதில்லை. புகழ்பெற்ற டிரம்மர் என்றால் அட்டையிலேயே பெரிதாகப் போட்டு விற்பார்கள், அது வேறு. மற்ற பேக்குகளில் மைக்கின் பெயர் இருக்கும், எந்த மாடல் ஸ்நேர், எந்தப் பழைய டேப் மெஷின் வழியாகப் போனது, எல்லாம் இருக்கும். கோப்பின் பெயரில் வேகம் எழுத இடமிருக்கிறது, சுருதி எழுத இடமிருக்கிறது. ஆளின் பெயர் எழுத மட்டும் இடமில்லையா? பேக் தயாரிக்கிறவர்கள் உங்கள் வாசகர்களில் இருந்தால் அவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். பேக்கோடு வரும் குறிப்பில் ஒரு வரி போதும். நாங்களும் எங்கள் பாட்டின் விவரத்தில் "டிரம்ஸ்:" என்று ஒரு வரி போடுவோம். இப்போது நான் அந்த இடத்தில் பேக்கின் பெயரைப் போடுகிறேன், பேக் வாசிக்காது என்று தெரிந்தும்.

நான் சொன்ன அந்த 84 பிபிஎம் பாட்டில் கடைசியாக ஒரு சிக்கல் வந்தது. லூப்பின் மூன்றாவது பார் முடிகிற இடத்தில், ஸ்நேருக்கும் அடுத்த கிக்குக்கும் நடுவில், "கிரீச்" என்று ஒரு சின்ன சத்தம். டிரம்மர் உட்கார்ந்திருந்த ஸ்டூல். பாரம் மாற்றி உட்கார்ந்திருக்கிறார் போல. ஒரு தடவை கேட்டால் அழகு. மூன்று நிமிடப் பாட்டில் அந்த நாலு பார் கிட்டத்தட்ட 16 தடவை வருகிறது, 16 தடவையும் அதே நொடியில் அதே கிரீச் வந்தால் இது சுற்றிச் சுற்றி வருகிற துண்டு என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். ஒவ்வொன்றாகத் துடைத்தேன், பக்கத்துப் பாரிலிருந்து சுத்தமான அரை எண்ணிக்கையை எடுத்து ஒட்டி. கடைசிச் சரணத்துக்கு முன்னால் வருகிற ஒன்றை மட்டும் துடைக்க மனசு வரவில்லை, விட்டுவிட்டேன்.

பேக்கோடு வந்த குறிப்பை அன்று ராத்திரி முழுதாகப் படித்தேன். ஸ்டூலின் நிறுவனப் பெயர்கூட இருந்தது.

இப்படிக்கு,
வீட்டிலிருந்து இசையமைக்கும் ஒரு வாசகர்